படகில் எதை நம்பலாம்: செல்போனா, கைக்கருவி ஜிபிஎஸ்ஸா?

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "போன்லயே ஜிபிஎஸ் இருக்கே, தனிக் கருவி எதுக்கு?"

போனுக்கும் இடம் காட்ட டவர் தேவையில்லை, செயற்கைக்கோள் போதும். வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைக்காவிட்டால் மட்டும் வெறும் திரையில் ஒரு புள்ளிதான் தெரியும். திரை பெரிது, படிக்கச் சுலபம். ஆனால் உப்புத் தண்ணீர் தெறித்தால் தொடுதிரை தானே அழுத்திக்கொள்ளும், வெயிலில் சூடேறி அணையும், சார்ஜ் துளையில் களிம்பு ஏறும்.

கைக்கருவியில் பட்டன்; ஈரக்கையாலும் அழுத்தலாம். பல மாடல்கள் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், உதிரி ஜோடி ஒன்றைப் பாலித்தீனில் கட்டி வைத்தால் போதும். எங்கள் ஓட்டு இதற்கே.

இரண்டிலும் ஆளைக் கவிழ்ப்பது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் பதிவதுதான். 9 டிகிரி 15.30 நிமிடம் வேறு, 9 டிகிரி 15 நிமிடம் 30 விநாடி வேறு. 30 விநாடி என்பது 0.5 நிமிடம்; ஆகவே வித்தியாசம் 0.2 நிமிடம், அட்சரேகையில் சுமார் 370 மீட்டர். 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கு அருகே இது சின்ன விஷயமல்ல. வலை போட்டு எஞ்சினை நிறுத்தினாலும் படகு நிற்காது: ஒரு நாட் நீரோட்டம் மணிக்கு 1.85 கி.மீ. இழுக்கும். ஆகவே எச்சரிக்கை மணியை எல்லைக்கோட்டிலேயே வைக்காமல் மூன்று, நான்கு கி.மீ. நம் பக்கம் உள்ளே வையுங்கள்.

உதவி கூப்பிட இரண்டையும் நம்ப வேண்டாம். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554-க்கு போன் சிக்னல் வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் விஎச்எஃப் ரேடியோவின் சேனல் 16-ல் கூப்பிடுங்கள்.