தென்னாப்பிரிக்காவா அயர்லாந்தா: எது உண்மையில் பெரிய அணி?

2023 ரக்பி உலகக் கோப்பையைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த வாதமும் கூடவே வந்துவிடும். செப்டம்பர் 23 அன்று பாரிஸில் நடந்த லீக் ஆட்டத்தில் அயர்லாந்து 13-8 என்று தென்னாப்பிரிக்காவை வென்றது. ஆனால் கோப்பை போனது தென்னாப்பிரிக்காவுக்கு. அயர்லாந்து காலிறுதியிலேயே வெளியேறியது. அப்படியானால் இரண்டில் எது பெரிய அணி? என்னைக் கேட்டால் தென்னாப்பிரிக்கா. கோப்பை அவர்களிடம் இருக்கிறது என்பது மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

முதலில் அயர்லாந்துக்குச் சேர வேண்டிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2022-ல் நியூசிலாந்துக்கே போய் டெஸ்ட் தொடரை 2-1 என்று வென்றார்கள். அதற்கு முன் எந்த ஐரிஷ் அணியும் அங்கே தொடரை வென்றதில்லை. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் 2023-ல் ஐந்து ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் அடித்தார்கள். காலிறுதிக்கு வரும்போது தொடர்ந்து 17 வெற்றிகள் கையில், உலகத் தரவரிசையில் முதலிடம். ஆண்டி ஃபாரெல் பயிற்சியில் கேப்டன் ஜானி செக்ஸ்டனைச் சுற்றி அமைந்த அந்த ஆட்டம் பார்க்கவே அவ்வளவு அழகு. பந்தை வைத்திருப்பவருக்கு எப்போதும் இரண்டு மூன்று பாஸ் வழிகள் திறந்திருக்கும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலானோர் லென்ஸ்டர் மாகாண அணியில் ஆண்டு முழுவதும் ஒன்றாக ஆடுகிறவர்கள். அந்தப் பழக்கம் ஒவ்வொரு அசைவிலும் தெரிந்தது.

சரி, அந்த 13-8 ஆட்டத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்கா அன்று உதைகளில் மட்டும் 11 புள்ளிகளைக் கோட்டைவிட்டது. தலா 3 புள்ளி தரும் மூன்று பெனால்டி, ஒரு கன்வர்ஷன் (ட்ரை, அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்த பிறகு கிடைக்கும் 2 புள்ளி உதை). மானி லிபோக்கும் ஃபாஃப் டி கிளெர்க்கும் மாறி மாறித் தவறவிட்டார்கள். அயர்லாந்து நன்றாகத்தான் ஆடியது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவை விட மேலான அணி என்பதற்கு இந்த ஒரு ஆட்டம் சான்றாகாது.

அதைவிட, தென்னாப்பிரிக்கா எடுத்த முடிவுகள்தான் முக்கியம். அயர்லாந்து ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயத்தால் விலகியபோது அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்கவில்லை. உதைப்பதில் கைதேர்ந்த ஹாண்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டையைத் தெரிந்தே விட்டுவைத்தார்கள். நியூசிலாந்துக்கு எதிரான இறுதிப் போட்டியின் தொடக்கத்திலேயே ஹூக்கர் பொங்கி ம்போனாம்பி காயப்பட்டு வெளியேற, ஃபிளாங்கரான டியான் ஃபூரிதான் ஏறக்குறைய ஆட்டம் முழுக்க ஹூக்கராக நின்றார். பக்கக் கோட்டிலிருந்து ஹூக்கர் பந்தை எறியும் லைன்அவுட் தடுமாறியது. ஆனால் அன்று தென்னாப்பிரிக்கா எடுத்த 12 புள்ளிகளும் பொல்லார்டின் நான்கு பெனால்டிகளில் வந்தவை. 12-11.

காலிறுதியில் ஃபிரான்ஸை 29-28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15. மூன்று ஆட்டமும் ஒரே புள்ளியில். அதிர்ஷ்டம் என்று பலர் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். அரையிறுதியில் திட்டம் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் 31-வது நிமிடத்திலேயே லிபோக்கை வெளியே எடுத்தார்கள். 15-6 என்று பின்தங்கியிருந்த அணியை மீட்டது யார்? பெஞ்சிலிருந்து வந்த ஆர்ஜி ஸ்னைமன் ட்ரை வைத்தார். பெஞ்சிலிருந்து வந்த ஆக்ஸ் ன்சே, இரு அணியினரும் தோள்கொடுத்து முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் இங்கிலாந்தை உடைத்தார். ஸ்க்ரமில் கிடைத்த பெனால்டியை, அதே பெஞ்சிலிருந்து வந்த பொல்லார்ட் 77-வது நிமிடத்தில் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்து உதைத்து உள்ளே அனுப்பினார். பொதுவாக எட்டு மாற்று ஆட்டக்காரர்களில் ஸ்க்ரமில் தள்ளும் ஃபார்வர்டுகள் ஐந்து பேர், பின்னால் நின்று பந்தோடு ஓடும் பேக்குகள் மூன்று பேர் இருப்பார்கள். தென்னாப்பிரிக்கா இறுதிப் போட்டிக்கு ஏழு ஃபார்வர்டுகளோடும் ஒரே ஒரு பேக்கோடும் வந்தது. கடைசி அரை மணி நேரத்தில்தான் ஆட்டம் முடிவாகும் என்று நம்பி, அதற்காகவே கட்டிய அணி அது.

அயர்லாந்தின் காலிறுதியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியூசிலாந்து இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி 20 நிமிடம் 14 பேரோடு ஆடியது. அப்படியும் 28-24 என்று நியூசிலாந்துதான் வென்றது. கடைசியில் அயர்லாந்து பந்தை விடாமல் 37 கட்டங்கள் (ஒரு மோதலிலிருந்து அடுத்த மோதல் வரை ஒரு கட்டம்) தாக்கியது. மனம் பதறிப்போகும் ஆட்டம். ஆனால் அந்த 37 கட்டங்களும் ஒரே மாதிரியானவை. ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழி அவர்களிடம் இல்லை. பெஞ்சிலிருந்து வந்திருந்த சாம் வைட்லாக் பந்தை மடக்கி பெனால்டி வாங்கியதோடு எல்லாம் முடிந்தது. உலகக் கோப்பையில் அயர்லாந்து இன்றுவரை ஒரு நாக்அவுட் ஆட்டம்கூட வென்றதில்லை.

நியூசிலாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறுதிப் போட்டியில் கேப்டன் சாம் கேன் முதல் பாதியிலேயே சிவப்பு அட்டையால் வெளியேறிய பிறகும் ஒரே புள்ளியில்தான் தோற்றார்கள். அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் நியூசிலாந்து பக்கம்தான் சாய்வேன். ஃபிரான்ஸுக்கோ கேப்டன் துப்போனின் முக எலும்பு முறிவு பெரிய அடி.

அயர்லாந்து ரசிகர்களின் ஒரு குறை நியாயமானது. 2023 தொடருக்கான குலுக்கல் 2020 டிசம்பரிலேயே நடந்துவிட்டது. அதுவும் அந்த ஆண்டு ஜனவரி 1-ம் தேதித் தரவரிசையை வைத்து. அதனால் பலமான அணிகள் ஒரே பாதியில் குவிந்தன. 2027 ஆஸ்திரேலியத் தொடருக்கான குலுக்கலை 2025 டிசம்பர் வரை தள்ளிவைத்தது நல்ல திருத்தம்.

2024 ஜூலையில் இரு அணிகளும் தென்னாப்பிரிக்காவில் மோதிய தொடர் 1-1 என்று முடிந்தது. டர்பனில் 25-24 என்று அயர்லாந்துக்கு வெற்றி தேடித் தந்தவர் பெஞ்சிலிருந்து வந்த கியரன் ஃப்ராலி. கடைசி நிமிடங்களில் இரண்டு டிராப் கோல் (பந்தைத் தரையில் தட்டவிட்டு உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடித்தார். அயர்லாந்து பாடம் கற்றுவிட்டது என்று அப்போது நினைத்தேன். ஆனால் 2025 நவம்பரில் டப்ளினில் தென்னாப்பிரிக்கா 24-13 என்று வென்றது. ஸ்க்ரமில் அயர்லாந்து நொறுங்கி, தவறுக்குத் தண்டனையாக நடுவர் தரும் ஒரு பெனால்டி ட்ரையையே விட்டுக்கொடுத்தது. இப்போது அயர்லாந்துக்கு அவசரத் தேவை இன்னொரு செக்ஸ்டன் இல்லை, ஸ்க்ரமில் ஹூக்கரின் இருபுறமும் அசையாமல் நிற்கும் இரண்டு மூன்று இளம் ப்ராப்கள்.