ஜங்ஷன் வீட்டு அடுக்களை: அடியில் கல், மேலே பலகை

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிற கையோடு அம்மா அப்பா வீட்டில் மாடுலர் கிச்சன் போட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறவர்கள், அடிப்பெட்டி எந்தப் பலகையில் வருகிறது என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். நிறம், பளபளப்பு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம், ஆற்றுக்குக் கிட்டத்தில் தாழ்ந்த பகுதி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் என்று ஏறி வந்தது. கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே தண்ணீர். எங்கள் அடுக்களையில் முழங்கால் அளவுக்கு நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், சில வருஷம் முன்னால் ஒரு கம்பெனியில் சொல்லிப் போட்ட பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்கிற பலகை) பெட்டிகள் அத்தனையும் உப்பி, கதவுகள் கீலோடு பிய்ந்து தொங்கின. வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் போனான். "தண்ணி பட்டா வாரண்டி கெடையாது சார்" என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் படாத அடுக்களை எந்த வீட்டில் இருக்கிறது என்று அவன் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து அம்மா மேடைக்குக் கீழே பழைய சேலையைத் திரையாகக் கட்டிச் சமாளித்து வந்தாள்.

பிள்ளைகளுக்கு ஜூன் விடுமுறை விட்டதும் கிளம்பினோம். கையில் வைத்திருந்தது இரண்டு லட்சம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் போடுவதில்லை என்று வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருந்தோம்.

வண்ணார்பேட்டை, தெற்கு பைபாஸ், பாளையங்கோட்டைப் பக்கம் என்று ஷோரூம்கள் ஏறி இறங்கினோம். வரவேற்பில் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கே வந்து லேசர் கருவியால் அளவெடுத்து, இரண்டாம் நாளே முப்பரிமாணப் படம் வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அளவெடுக்க வந்த பெண் பிள்ளை ஒருத்தி, சுவர் மூலை சரியான மட்டத்தில் இல்லை என்பதை அரை இஞ்சு வித்தியாசத்தோடு கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டாள். அவ்வளவு அக்கறையான வேலைக்குச் சிங்கப்பூரில் தனியாகக் காசு வாங்குவார்கள்.

விலையில்தான் கவனம் வேண்டும். சிங்கப்பூரில் தச்சு வேலைக்கு நீள அடிக் கணக்கு: மேல் பெட்டி ஓர் அடிக்கு இவ்வளவு, கீழ்ப் பெட்டி ஓர் அடிக்கு இவ்வளவு. ஊரில் சதுர அடி. அதிலும் ஒரு கடையில் முன்பக்கக் கதவின் பரப்பை மட்டும் எடுக்கிறார்கள். இன்னொரு கடையில் பக்கப் பலகை, உள்தட்டு என்று ஒவ்வொன்றையும் விரித்துக் கணக்குப் போடுகிறார்கள். சதுர அடி 1,100 ரூபாய் என்று சொன்ன கடை, 1,800 ரூபாய் சொன்ன கடையைவிடக் கடைசியில் கூடுதலாக வந்தது இதனால்தான். கூடை, டிராயர் சேனல், கைப்பிடி, சிங்க், கிரானைட் எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. 18 சதவீத ஜிஎஸ்டியும் வெளியேதான் நிற்கும். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதித் தரச் சொன்னோம். பத்துக்கு எட்டு அடி அடுக்களை, 'எல்' வடிவ மேடை. மூன்று லட்சத்தைச் சுற்றித்தான் எல்லாரும் வந்து நின்றார்கள். பட்டறையில் செய்து மாட்ட நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றார்கள். என் லீவுக்கு அது ஒத்து வராது.

இதற்கு மேல் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "ஏட்டி, படத்துல நல்லாத்தான் இருக்கு. கிரைண்டர எங்கன வைக்கச் சொல்லுதாவ?"

எந்தப் படத்திலும் கிரைண்டருக்கு இடம் இல்லை. இட்லிக் கொப்பரைக்கு இல்லை, வெண்கலப் பானைக்கு இல்லை. ஒயின் கிளாஸ் தொங்கவிட ஸ்டாண்ட் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே கோபம் வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை மாவாட்டுகிற வீடு, சொதி வைக்கிற அன்றைக்கு நாலு தேங்காய் துருவிப் பால் எடுக்கிற வீடு. அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கல்லோடு கனக்கிற கிரைண்டரை அவள் பெட்டிக்குள்ளிருந்து இழுத்துத் தூக்கி வைக்க முடியுமா? அது மேடை மேலேயே, பிளக்குக்குப் பக்கத்தில், நிரந்தரமாக இருக்க வேண்டிய பொருள்.

வழி சொன்னது மைனிதான், அண்ணன் மனைவி. அதே வெள்ளத்தில் எங்கள் அடுக்களையில் ஒன்று மட்டும் அசையாமல் நின்றிருந்தது. அங்கணத்துக்கு (பாத்திரம் கழுவுகிற இடம்) பக்கத்தில் தாத்தா காலத்தில் வைத்த கடப்பாக்கல் தட்டு. சேற்றைக் கழுவி விட்டதும் பழையபடி பாத்திரம் அடுக்கிவிட்டார்கள். "கீழ பூரா இதே மாரி கல்லுல போட்டுட்டு, கதவ மட்டும் பலகையில மாட்டுனா என்ன?" என்றாள். அப்படித்தான் செய்தோம். மேடைக்குக் கீழே தடுப்பும் தட்டும் கடப்பாக்கல். அவற்றுக்குக் கதவு மட்டும் பிளைவுட். மேலே சுவரில் தொங்குகிற பெட்டிகளும் லாஃப்டும் முழுக்க பிளைவுட். மேடைப் பரப்புக்குக் கருப்பு கிரானைட். அங்கே கடப்பா போட்டால் இன்னும் மலிவு என்று ஒரு கொத்தனார் சொன்னார். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்து வெளுத்துவிடும். புளிக்குழம்பு கொதிக்கிற வீட்டில் மேடைக்குக் கிரானைட்தான் சரி.

மைனி வழியில் ஓர் ஆசாரி கிடைத்தார். பிளைவுட் வாங்கப் போகுமுன் அவர் செய்ததை இங்கே சொல்லியே ஆக வேண்டும். "யக்கா, கடைக்காரன் சொல்லுதத நம்பாண்டாம், நான் சொல்லுததயும் நம்பாண்டாம். கொதிக்க வச்சுப் பாத்துருவோம்" என்று மூன்று துண்டு கொண்டுவந்தார். ஒன்று எங்கள் பழைய பெட்டியின் பார்ட்டிக்கிள் போர்டு, ஒன்று எம்ஆர் (ஈரப்பதம் மட்டும் தாங்குவது) என்று விற்கிற சாதாரண பிளைவுட், ஒன்று ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிடபிள்யூபி, அதாவது கொதிநீரும் தாங்குகிற பிளைவுட். கொல்லையில் விறகடுப்பைக் கூட்டி, பழைய சருவச்சட்டியில் மூன்றையும் போட்டார். பார்ட்டிக்கிள் போர்டு சீக்கிரமே கஞ்சி மாதிரி கரைந்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. எம்ஆர் துண்டு சாயங்காலத்துக்குள் ஓரத்தில் வாய் பிளந்து, ஏடு ஏடாகப் பிரிந்தது. மூன்றாவதை எடுத்துத் தரையில் தட்டினார். கட்டை தட்டுகிற சத்தம் வந்தது. ஐஎஸ் 710 தரத்துக்கு 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஒரு பகல் கொதிப்பிலேயே எங்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அடுப்பைச் சுற்றியே நின்றார்கள். ஷீட் வாங்கும்போது எல்லா ஷீட்டிலும் அந்த முத்திரை இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். மேலே நாலு ஷீட் நல்லதும் அடியில் வேறும் வந்த வீடுகள் உண்டு என்று ஆசாரியே சொன்னார்.

கல்லில் கீலை முறுக்க முடியாது. அதனால் கல் தடுப்புகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ளே டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்வது) சட்டம் அடித்து, அதில் கீலைப் பொருத்தினார். டபிள்யூபிசி தண்ணீரில் ஊறாது, கரையானும் தொடாது. பலகைகளை ஒரு பட்டறையில் கொடுத்து மெஷினில் வெட்டி, ஓரத்துக்கு எட்ஜ் பேண்டும் மெஷினிலேயே ஒட்டி வாங்கினோம். கையால் ஒட்டுகிற பட்டை அடுப்புச் சூட்டுக்குப் பிரிந்து வரும். ஷோரூம் கிச்சனில் எனக்குப் பிடித்த சுத்தமான ஓரம் இப்படியே கிடைத்துவிட்டது, கொஞ்சம் கூலி சேர்த்து.

ஸ்டீல் கூடையும் சிங்கும் வாங்கியது டவுனில் ஒரு பாத்திரக் கடையில். எளிதில் துருப்பிடிக்காத 304 கிரேடு வேண்டும் என்று கேட்டேன். காந்தத்தை வைத்து, ஒட்டவில்லை பாருங்கள் என்று காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது. கடை அண்ணாச்சி அதைத் தானே சொல்லி, சின்ன பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு திரவம் விட்டு பேட்டரியைத் தொட வைத்தார். 202 கூடையில் சொட்டு சிவந்தது. 304 சிங்கில் சிவக்கவில்லை. "வெல வித்தியாசம் இருக்கும்மா. ஆனா அங்கணத்துக்கு இதத்தான் கொண்டு போவணும்" என்றார். அப்படிச் சோதித்துக் காட்டுகிற கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

உயரத்தில் ஒரு சண்டை நடந்தது. மேடை 34 இஞ்சு என்பது எல்லாரும் வைக்கிற அளவு. அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அவளை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு ஐந்து இஞ்சு கீழே பென்சிலால் கோடு போட்டேன். 31 வந்தது. "பின்னால வீட்ட வித்தா வாங்குதவன் என்ன சொல்லுவான்" என்று அண்ணன் முறுக்கிக்கொண்டான். சமைக்கிறவள் அம்மா, 31 இஞ்சுக்கே கட்டினோம். தோளைத் தூக்கிக்கொண்டு தேங்காய் அரைத்த காலம் அவளுக்கு முடிந்தது.

காசு மிச்சம் பிடித்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மூலைக்குச் சுழன்று வருகிற மேஜிக் கார்னர் வேண்டாம் என்றோம். அங்கே கல்தட்டில் பெரிய பானைகள் நேராக உட்கார்ந்துவிட்டன. அக்ரிலிக் கதவு வேண்டாம். ஒரு மில்லிமீட்டர் மேட் மைக்கா போதும், கை ரேகையும் தெரியாது. மிச்சத்தை சாஃப்ட் க்ளோஸ் கீலிலும், கனம் தாங்குகிற மூன்று டிராயர் சேனலிலும் போட்டோம். தினமும் இழுத்து மூடுகிற இரும்பில் மலிவு பார்த்தால் அடுத்த வருஷமே கதவு சாயும்.

கேஸ் சிலிண்டர் கண்ணுக்குக் கதவின் அடிப்பாகத்தில் காற்று போக ஜாலி வைக்கச் சொன்னோம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தங்கும். மேலே ஓட்டை போட்டுப் பிரயோசனம் இல்லை. எலெக்ட்ரீஷியன் கல் ஒட்டுவதற்கு முன்னாலேயே வந்து கிரைண்டருக்கும் இண்டக்ஷனுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் பாயிண்ட் இழுத்துவிட்டார். பிளம்பர்தான் சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வரவில்லை.

ஜூனில் வேலை வைக்கிறவர்கள் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் கொத்தனார், சித்தாள், ஆசாரி ஒருவரும் கிடைக்க மாட்டார்கள், கிடைக்கவும் கூடாது. நாங்களும் ரத வீதியில்தான் நின்றோம்.

பொருள் எல்லாம் நாங்களே பில் போட்டு வாங்கினோம். ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் கூலி தனி; முன்பணம் கொஞ்சம், மேடை முடிந்ததும் கொஞ்சம், கதவு மாட்டியதும் மிச்சம். கடைசித் தவணையை சிங்கப்பூர் வந்த பிறகு இங்கே வங்கியில் உடனடியாகப் பணம் அனுப்புகிற பேநவ் வழியாக அண்ணன் கணக்குக்கு அனுப்பினேன். 2023 பிப்ரவரியில் அதை இந்தியாவின் யூபிஐயோடு இணைத்த பிறகு இந்த அளவுத் தொகைக்கு அது சுலபமாக இருக்கிறது. எல்லா வங்கியிலும் கிடையாது, முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்க், குழாய், டைல்ஸ், வயரிங் உட்பட மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்குள் முடிந்தது.

கீலில் ஒரு விஷயம். நாங்கள் வாங்கியது க்ளிப் வகை. பின்னால் ஒரு நாக்கை அமுக்கினால் கதவு ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் கையோடு வந்துவிடும். ஆசாரி ஒவ்வொரு கீழ்க்கதவின் உள்பக்கமும் எண் எழுதி, அதே எண்ணைச் சட்டத்திலும் எழுதியிருக்கிறார். ஆற்றில் தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்தால் கதவுகளையும் டிராயர்களையும் கழற்றி லாஃப்டில் ஏற்றிவிட்டால் போதும். கீழே கல்லும் சட்டமும் மட்டும் நிற்கும். மைனி தனியாளாகக் கழற்றி ஏற்றிப் பார்த்தாள், காபி ஆறுவதற்குள் முடிந்தது. ஐப்பசி பிறக்குமுன் ஒருதடவை எல்லாருமாகச் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

சிம்னி வாங்கவில்லை. ஜன்னலுக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, அம்மாவுக்கு அது போதும் என்கிறாள். பாயிண்ட் மட்டும் இழுத்து வைத்திருக்கிறோம்.