ஒளிரும் மேகம் பார்க்க 7×50 பைனாகுலர்: மூன்று கோடை அனுபவம்

கப்பலில் வைத்திருப்பார்களே, ரப்பர் உறை போட்ட தடித்த பைனாகுலர், அந்த வகைதான் என்னுடையது. 7×50 என்றால் 7 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர் அகலம். இரவில் ஒளிரும் மேகங்களைப் பார்ப்பதற்கென்றே வாங்கினேன்.

“மேகம் பார்க்க எதற்கு பைனாகுலர்?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை, வடக்கே 50 முதல் 65 டிகிரி அட்சரேகைக்குள் இருப்பவர்களுக்கு இந்த மேகம் வெறும் கண்ணுக்கே தெரியும். சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்து வடக்கே பார்த்தால் போதும், வெள்ளியில் நீலம் கலந்த மாதிரி மின்னும். ஆனால் கண்ணில் படுவது அதுதானா என்பதில்தான் சிக்கல். முதல் வருடம் சாதாரணக் கீற்று மேகத்தைப் பார்த்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த நண்பர்களை போன் போட்டு எழுப்பி அசடு வழிந்தேன். அதுவும் இரண்டு முறை.

அந்தச் சந்தேகத்தை இந்தக் கருவி பத்து நொடியில் தீர்த்துவிடுகிறது. கீற்று மேகம் இதில் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் கலங்கலாக இருக்கும். ஒளிரும் மேகமோ சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாகத் துல்லியமாக நிற்கும். அது சுமார் 82 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 120 டிகிரியை ஒட்டிய குளிரில், மிக நுண்ணிய பனித்துகள்களால் ஆன மெல்லிய படலம். கீழே இருக்கும் மேகமெல்லாம் பூமியின் நிழலில் கறுத்துவிட்ட பிறகும் அந்த உயரத்துக்கு வெயில் எட்டுகிறது.

போன ஜூன் கடைசியில் நள்ளிரவு தாண்டி ஒரு காட்சி கிடைத்தது. வடக்கே தாழ்வாகக் கபெல்லா நட்சத்திரம். அதன் மேல் மேகம் படர்ந்திருந்தும் நட்சத்திரம் மங்கவே இல்லை. சுற்றிலும் ஆற்று மணலில் விழும் வரிகளைப் போல அலைகள். அடிவானத்திலிருந்து, நீட்டிப் பிடித்த கையின் ஒரு முஷ்டி உயரத்தில், அதாவது 10 டிகிரியில் தெரிந்தால், அந்த மேகம் நம்மிடமிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்புறம் அரை மணி நேரம் பைனாகுலரைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

கை ஒத்துழைத்தால்தானே! ஒரு கிலோ எடை, ஐந்தே நிமிடத்தில் நடுங்க ஆரம்பிக்கிறது. டிரைபாடில் மாட்டத் தனி இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. ஃபோகஸ் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி. அது எனக்கு வசதிதான், ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்து டேப் ஒட்டிவிட்டேன். பனி இறங்கினால் முன் லென்ஸ் மங்கிவிடும். லென்ஸ் மூடியோ சும்மாவே கழன்று விழுகிறது, ஒன்று புல்லுக்குள் போனது போனதுதான்.

பெரிய குறை வேறு. 50-ஐ 7-ஆல் வகுத்தால் வருவது சுமார் 7, பைனாகுலரிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர்; அதைக் காட்டித்தான் இதை ‘இரவுக்கானது’ என்று விற்கிறார்கள். கோடை நள்ளிரவில் அந்த வடக்கு வானம் முழுதாக இருட்டுவதே இல்லை, கண்மணியும் அந்த அளவுக்கு விரியாது. ஐம்பது வயதைத் தாண்டிய என் கண்ணுக்கு 5 மில்லிமீட்டரே தாராளம். ஆக, பாதி வெளிச்சம் வீணாகிறது. இன்று வாங்குவதாக இருந்தால் 8×40 எடுப்பேன், எடையும் குறையும். 10×50 வேண்டாம். பார்வைப் பரப்பு சுருங்குவதால் அலைகள் துண்டு துண்டாகத்தான் தெரியும்.

விடியும்வரை உட்காருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கோடையில் சூரியன் எழுவதும் வடகிழக்கில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கம்தான். கால் மணி நேரம் முன்பே பைனாகுலரை உறைக்குள் போட்டுவிடுங்கள்.