மாடல் டி காயில்களைக் கையால் சுற்றும் டெஸ்டரில் சோதிப்பது: சில வருட அனுபவம்

ஸ்பார்க் பிளக்கிற்குப் பொறி தரும் இக்னிஷன் காயில் 'டர்ர்' என்று அதிர்வதாலேயே அது நல்ல காயில் ஆகிவிடாது. ஃபோர்டு மாடல் டி என்ற பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பேட்டரியில் இணைத்து, காதால் கேட்டே பலரும் செட் செய்கிறார்கள். வண்டி கிளம்பிவிடும், ஆனால் சீராக ஓடாது.

இந்த இஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு நான்கு காயில், ஒவ்வொன்றின் தலையிலும் தனித்தனி பாயின்ட், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் தொடுமுனை. ஃப்ளைவீலோடு சுற்றும் 16 காந்தங்கள் மாறுதிசை மின்சாரம் தருகின்றன. எந்தக் காயிலின் முறை என்பதை மட்டும்தான் டைமர் என்ற சுழலும் சுவிட்ச் முடிவு செய்யும். ஸ்பார்க் சரியாக எப்போது விழும் என்பது காயிலின் கையில். மின்சாரம் போதுமான அளவுக்கு ஏறியதும் பாயின்ட் பிரிய வேண்டும். ஒன்று முந்திப் பிரிந்து இன்னொன்று பிந்தினால் சிலிண்டருக்கு ஒரு டைமிங் என்றாகிவிடும்.

அந்தக் காலத்து டீலர் ஒர்க்‌ஷாப்களில் இருந்த, கையால் சுற்றும் இந்த டெஸ்டரின் அருமை இங்கேதான் தெரிகிறது. உள்ளே இருப்பது வண்டியில் உள்ள அதே வகை மேக்னெட்டோ, அதாவது காந்தங்கள் சுற்றி மின்சாரம் தரும் அமைப்பு. காயிலைப் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், ஒரு சுற்றுக்கு டெஸ்டரின் வளையத்தில் 16 ஸ்பார்க் சம இடைவெளியில் தெரிய வேண்டும்; மீட்டர் 1.3 ஆம்பியர் காட்ட வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஸ்பார்க் விழுந்தால், பெரும்பாலும் பாயின்டின் மேல் பட்டையில் உள்ள குஷன் ஸ்பிரிங்தான் காரணம். மீட்டர் சரியான அளவைக் காட்டினாலும் அந்தக் காயிலை வண்டியில் போடாதீர்கள். காதுக்கு எட்டாத குறை இது.

பாயின்ட் இடைவெளி 0.030 அங்குலம் அளவில், இரண்டு முகமும் முழுதாகப் படியும்படி இருக்க வேண்டும். அதற்கும் முன்னால் கவனிக்க வேண்டியது கன்டென்சர், பாயின்டில் பொறி பறந்து கருகாமல் காக்கும் பாகம். மரப்பெட்டிக்குள் தாருக்கடியில் புதைந்திருக்கும் பழைய காகிதக் கன்டென்சரை மாற்றாமல் பாயின்டைத் திருகிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. தாரைச் சுரண்டி எடுக்க நிறையப் பொறுமை வேண்டும், வேறு வழியில்லை.

குறை இல்லாமல் இல்லை. டெஸ்டர் நல்ல கனம், மேசையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் திருத்துவது சிரமம். கூட ஒருவர் இருந்தால் நல்லது. காந்தங்களும் காலப்போக்கில் பலம் இழக்கும். அப்போது நல்ல காயிலும் சொத்தையாகத் தெரியும் என்பதால் அவ்வப்போது காந்தமேற்ற வேண்டும். ஸ்பார்க் விழ எடுக்கும் நேரத்தையே காட்டும் எலக்ட்ரானிக் டெஸ்டர்கள் இப்போது வந்துவிட்டன. நிறையக் காயில் பார்ப்பவர்களுக்கு அதுவே வசதி. எனக்கு ஸ்பார்க்கைக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி.

நான்கையும் ஒரே அளவில் செட் செய்தபின் என் வண்டியில் ஐடிலிங் அமைதியாகிவிட்டது, மேட்டில் இழுவையும் கூடியது. காயில்கள் தேறியும் மிஸ் அடித்தால், அடுத்து டைமரின் ரோலர் தேய்மானத்தைப் பாருங்கள். அப்புறம் காயில் பெட்டி: ஈரம் ஏறிய மரத்தின் வழியாகவே மின்சாரம் கசியும்.