பெருந்தலை ஈயில் புது இனம்: நுண்ணோக்கியா, டிஎன்ஏவா?

சிக்கிய பெருந்தலை ஈ (தத்துப்பூச்சி போன்ற சாறுறிஞ்சும் பூச்சிகளின் உடலுக்குள் புழுவாக வளரும் சிறு ஈ) புது இனமோ என்று சந்தேகம். உடலைப் பிரித்துப் பார்த்து விவரிப்பதா, டிஎன்ஏவை நம்புவதா?

செலவு
நுண்ணோக்கி: ஒருமுறை வாங்கினால் போதும், மற்றதெல்லாம் சில்லறைச் செலவு.
டிஎன்ஏ: ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகக் கட்டணம்.

உழைப்பு
நுண்ணோக்கி: தலை முழுக்கக் கண்ணாக இருக்கும் இந்த ஈக்கள் பலவும் வெளிப்பார்வைக்கு ஒரே அச்சு. ஆண் ஈயின் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தசையைக் கரைத்து, கிளிசரினில் புரட்டிப் புரட்டி இனப்பெருக்க உறுப்பை வரைய வேண்டும். ஈயே சில மில்லிமீட்டர்தான். ஊசி வழுக்கினால் போச்சு.
டிஎன்ஏ: ஒரு கால் போதும். இனத்தை அடையாளம் காண உதவும் சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்துள்ள துண்டைப் படிப்பார்கள்.

பெண் ஈ, புழு
நுண்ணோக்கி: பெரும்பாலும் திணறும்.
டிஎன்ஏ: இங்கே ராஜா. ஆணின் அதே இனத்துப் பெண் எது என்று காட்டும். தத்துப்பூச்சியின் வயிற்றுக்குள் வளரும் புழு எந்த ஈயுடையது என்றும் சொல்லும்.

பழைய மாதிரிகள்
நுண்ணோக்கி: நூறாண்டு பழையதையும் ஒப்பிடலாம்.
டிஎன்ஏ: பெரும்பாலும் சிதைந்திருக்கும்.

வெறும் மரபணு வரிசையை வைத்துப் பெயர் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. முன்பே பெயர் பெற்ற பல இனங்களுக்கு ஒப்பிட வரிசையே கிடையாது. ஆண் ஈ கையில் இருந்தால் நுண்ணோக்கிதான். பெண்ணோ புழுவோ மட்டும் என்றால் டிஎன்ஏ. இரண்டுக்கும் வழி வேண்டுமா? பிடித்ததும் 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள்.