திருகுத் தூண் மேல் கன்டெய்னர் ஆபீஸ்: கடலோரத்தில் வைக்க நினைப்பவர்களுக்கு

வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணையில் இருபதடி கன்டெய்னர் ஒன்றை ஆபீஸாக வைத்திருக்கிறோம், அடித்தளத்துக்கு ஸ்க்ரூ பைல், அதாவது மண்ணுக்குள் திருகி இறக்கும் இரும்புத் தூண். கம்பெனி பெயர் வேண்டாம். பொருள் நல்ல பொருள், விற்க வருகிறவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள்.

இங்கே வழக்கமாக நாலு மூலையிலும் சிமென்ட் கல்லை அடுக்கி, கிரேனில் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "ரெண்டு டன் இரும்புண்ணே, எங்க போயிடும்?" என்று கேட்பார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறிய ஊரில் நின்றுகொண்டு இப்படிக் கேட்கிறார்கள்! சரி, கணக்குப் பார்ப்போம். காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 875 மூன்றாம் பகுதிப்படி இந்தக் கடற்கரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம். கன்டெய்னரின் நீளப் பக்கம் 15 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருவதால் தள்ளும் விசை 2.3 டன்னைத் தொடும், காலிக் கன்டெய்னரின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான், உயரமோ அகலத்தைவிட அதிகம், ஆக புரண்டுவிடும். கூரையை மேலே இழுக்கும் விசையை நான் இதில் சேர்க்கவே இல்லை. அடித்தளம் இங்கே தாங்குவதைவிடப் பிடித்து வைப்பதுதான் முக்கியம்.

கான்கிரீட்டும் போடலாம்தான். ஆனால் கலக்க நல்ல தண்ணீர் வேண்டும், எங்களைச் சுற்றி இருப்பது உப்புத் தண்ணீர், மழைக்காலத்தில் வரப்புச் சாலையில் ரெடிமிக்ஸ் லாரி இறங்கவே இறங்காது. ஸ்க்ரூ பைல் என்பது வட்டத் தகடு திருகுபோல வைத்து வெல்டிங் செய்த இரும்புக் குழாய், பொக்லைன் கையில் மோட்டாரை மாட்டி அப்படியே சேற்றுக்குள் திருகி இறக்குவார்கள். குழி தோண்ட வேண்டாம், க்யூரிங் கிடையாது, இடத்தைக் காலி செய்யும்போது எதிர்ப்பக்கம் திருகினால் வெளியே வந்துவிடும். புதுச் சரக்கும் இல்லை, கண் தெரியாத அலெக்சாண்டர் மிட்செல் என்ற பொறியாளர் 1830களிலேயே இதை வைத்து தேம்ஸ் முகத்துவார மணல்திட்டில் கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்.

இறக்கும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். பைல் எவ்வளவு பிடிக்கும் என்பதைத் திருகும் விசையை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். எங்களுக்கு மூன்று மூலையில் அதைக் காட்டும் மீட்டர் முள் நன்றாக ஏறியது, வாய்க்கால் பக்க மூலையில் குழாய் முழுக்க இறங்கியும் முள் அசையவில்லை. "போதும்ணே, இறங்கிடுச்சு" என்றார் ஆபரேட்டர். ஆழத்தை வைத்து என்ன செய்ய, அது வெறும் களி. இன்னொரு துண்டு குழாயைச் சேர்த்து, முள் ஏறும்வரை திருக வைத்தோம். ஒவ்வொரு பைலுக்கும் அந்த அளவை எழுதி வாங்குங்கள், இழுத்துப் பார்க்கும் சோதனையும் கேளுங்கள், அமுக்கிப் பார்த்த ரிப்போர்ட்டை நீட்டினால் வாங்காதீர்கள். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து இருக்கும் மண்ணில் பிடிப்பு குறையும் என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் டிசைன் தாள். கன்டெய்னர் நகர்த்தக்கூடியது என்பதால் 'தற்காலிகக் கட்டடம்' என்று போட்டிருந்தார்கள். அந்த வகைக்கு இதே விதிநூல் காற்று வேகத்தை 0.70 ஆல் பெருக்க விடுகிறது, அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகப் போவதால் சுமை பாதிக்கும் கீழே வந்துவிடும். அது கட்டுமானக் கொட்டகை மாதிரி ஐந்து வருஷக் கணக்குக்கு உரியது. நம் ஊரில் எந்த கேபின் ஐந்து வருஷத்தில் கிளம்பியிருக்கிறது? திரும்பப் போடச் சொன்னோம், முனகிக்கொண்டே போட்டார்கள், குழாய் ஒரு சைஸ் கூடியது. புயலுக்குப் பிறகும் ஓட வேண்டிய மருந்தகம், நிவாரண முகாம் என்றால் 2015 திருத்தத்தின்படி வேகத்துக்கு 1.30 மடங்கு வேறு இருக்கிறது.

அப்புறம் இணைப்பு. பைல் தலைத் தகட்டை கன்டெய்னரின் மூலைக் காஸ்டிங்கோடு (மூலையில் இருக்கும் வார்ப்புக் கட்டை) நாலு பொட்டு வெல்டிங்கில் முடிக்கப் பார்த்தார்கள், முழுச் சுற்றும் ஓட்டச் சொல்லி, மேலே துத்தநாகப் பெயின்ட் அடிக்க வைத்தோம். கால்வனைஸ் பூச்சு எரிந்த இடத்தில்தான் உப்புக்காற்று முதலில் வேலையைக் காட்டும்.

விலை கான்கிரீட் கட்டையைவிட நிச்சயம் அதிகம். சேற்று நிலம், லாரி போகாத இடம், நாளைக்கு நகர்த்தும் எண்ணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பாறையோ கெட்டியான செம்பாறையோ இருக்கும் இடத்தில் திருகு இறங்காது, அங்கே வேறு வழி பாருங்கள்.