12 வருடம், 34 பாகங்கள்: ரயிலில் படித்த ஃபேண்டஸி தொடர்கள்

ரயிலில் தடியான புத்தகத்தை விரித்தால் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது, "எந்த எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க?" கதைப் புத்தகம் என்று சொன்னால், "மொத்தம் எத்தனை பாகம்?" என்பார். மூன்று, ஆறு, பதினாலு என்று நான் சொல்லும் எண்ணைக் கேட்டதும் கடைசிக் கேள்வி வரும்: "அவ்வளவும் படிக்கிற அளவுக்கு அதுல என்ன இருக்கு?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு இறங்கும் ஸ்டேஷன் வருவதற்குள் பதில் சொல்லி முடிந்ததே இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ராயக்கோட்டையிலோ கெலமங்கலத்திலோ கிராசிங்குக்கு நிறுத்திவிட்டால் இன்னும் கூடும். 2013இல் ஆரம்பித்து இந்த நேரத்தில் மட்டும், கற்பனை உலகங்களில் நடக்கும் ஆறு ஃபேண்டஸி தொடர்கள் படித்திருக்கிறேன். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று பாகம், உர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' ஆறு, ராபின் ஹாபின் 'ஃபார்ஸியர்' மூன்று, ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' பதினான்கு, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' இதுவரை வந்த ஐந்து, என். கே. ஜெமிசினின் 'புரோக்கன் எர்த்' மூன்று. மொத்தம் 34.

படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் கடைசி பாகத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக மட்டும் படிக்கப்போகிறீர்கள் என்றால் வேண்டாம். அதற்கு இவ்வளவு நாள் செலவழிக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் இதைப் புரியவைப்பது சுலபம். தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பதினெட்டு நாள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. துரியோதனன் சாவான், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள் என்பது கையில் பொரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஊர் முழுக்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு தினமும் போகிறது. பதினெட்டாம் நாள் படுகளத்துக்குக் கூட்டம் அதிகம்தான். ஆனால் பாரதத்தைப் பார்த்தவர் என்று ஊர் யாரைச் சொல்லும்? அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசிய இரவில் இருந்தவரை, கர்ண மோட்சத்தில் விடியும்வரை கண் மூடாமல் உட்கார்ந்தவரை. நடு இரவுகளில்தான் பாரதம் நடக்கிறது. தொடர் நாவலும் எனக்கு அப்படித்தான்.

இதை நான் சரியாக உணர்ந்தது 'எர்த்ஸீ' தொடரில். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதை தெரிந்துவிட்டால் கெட்டுப்போகிற புத்தகம் இல்லை இது.

முதல் பாகம் 1968இல் வந்தது. கான்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் ஒரு பையன், டனி. மந்திரம் கைவருகிறது. அவனுக்கு கெட் என்ற உண்மைப் பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரை எல்லோரிடமும் சொல்லக்கூடாது, தெரிந்தவர் கையில் உயிரே இருக்கும். வெளியில் கூப்பிடுவது வேறு பெயர். மாசி மாதம் வீட்டில் புளி தட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். கொட்டையை ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே கேட்டவர், "இதுல என்னா அதிசயம் கண்ணு? சாமிக்கு வேண்டி வெச்ச பேரு ஒண்ணு, கூப்பிடற பேரு ஒண்ணு. உனக்கே ரெண்டு பேரு இருக்குதே" என்றார். அதுவரை அந்தத் தீவுகள் எனக்கு வெளியூராக இருந்தன. அன்றைக்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

இரண்டாம் பாகத்தில் கெட் பாதிப் புத்தகம்வரை வரவே மாட்டான். இருட்டுக் கல்லறைகளைக் காக்கும் டெனார் என்ற பெண்ணின் கதை அது. மூன்றாம் பாகம் 1972. அதில் கெட் எல்லா மந்திரவாதிகளுக்கும் தலைவன், நடுவயதுக்காரன். கடைசியில் தன் சக்தி முழுவதையும் ஒரு காரியத்துக்காகச் செலவழித்துவிடுகிறான். இதோடு நிறுத்தியிருந்தாலும் நல்ல மூன்று பாகத் தொடர்தான். பதினெட்டு வருடம் கழித்து, 1990இல், லெ குவின் நான்காம் பாகம் எழுதினார். சக்தியெல்லாம் போன கெட் வெறும் ஆளாக ஊருக்குத் திரும்பி வருகிறான். யாரையும் பார்க்கக் கூசுகிறான். மலைக்கு மேலே ஆடு மேய்க்கப் போய்விடுகிறான்.

நான் அதைப் படித்த சமயம் அப்பா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கண் பார்வை குறைந்து வண்டியை விட்டுவிட்டார். வந்த முதல் மாதம் வாசலுக்குக்கூட வரமாட்டார், தெரிந்தவர்கள் கேட்பார்களே என்று. அப்புறம் நான்கு ஆடு வாங்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓட்டிப் போக ஆரம்பித்தார். கெட் ஆடுகளோடு மலையேறும் பக்கத்தை நான் ரயிலில் படித்தேன். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஓசூர்வரை திறக்கவில்லை.

தனி நாவலிலும் ஒருவன் சக்தி இழந்து வீடு திரும்பலாம். ஆனால் அவன் பையனாக இருந்ததை முதல் பாகத்தில் நான் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அவன் கடலில் தன் நிழலைத் துரத்தியதை, ஒரு பெண்ணை இருட்டிலிருந்து வெளியே கூட்டிவந்ததை எல்லாம் பார்த்திருக்கிறேன். மூன்று பாகம் அவனோடு நடந்த பிறகு அந்த ஆடுகளைப் பார்க்கிறேன். அந்தக் கனத்தை ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவற்றை ஆங்கிலத்தில்தான் படித்தேன், அது எப்படி முடிந்தது என்று பலரும் கேட்கிறார்கள். நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களில் ஒருவர். பயந்துகொண்டுதான் தொடங்கினேன். ஆனால் ஃபேண்டஸியில் ஒரு சௌகரியம் உண்டு. பாதிச் சொற்கள் எழுத்தாளர் உண்டாக்கியவை. லண்டனில் இருப்பவருக்கும் அவை புதுசு, எனக்கும் புதுசு. எல்லோரும் ஒன்றாம் வகுப்பில்தான் உட்காருகிறோம். முன் பக்கத்தில் வரைபடம் இருக்கும், சில புத்தகங்களில் பின்னால் சொல்பட்டியலும் இருக்கும். பெயர்களைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி, யார் மகன், எந்த ஊர் என்று குறித்துவைத்துக்கொண்டேன். முதல் ஐம்பது பக்கம்தான் மேடு. டோல்கீனின் நடை பழைய நடை, எல்ராண்ட் சபை கூடும் அத்தியாயம் முழுக்கப் பேச்சு. அதை மட்டும் ஒரு வாரம் படித்தேன். லெ குவின் சுருக்கமாக எழுதுகிறவர், முதல் மூன்று பாகங்களும் மெல்லிய புத்தகங்கள்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை டோல்கீன் ஒரே நாவலாகத்தான் எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலம், காகித விலை அதிகம். அதனால் பதிப்பகத்தார் மூன்றாகப் பிரித்து 1954 ஜூலையிலிருந்து 1955 அக்டோபர்வரை வெளியிட்டார்கள். இன்றைக்கு ஃபேண்டஸி என்றாலே மூன்று பாகம் என்று நினைக்கிறோமே, அந்தப் பழக்கத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் இதைப் படிப்பவர்கள் பாகத்துக்குப் பாகம் இடைவெளி விடாதீர்கள். நான் முதல் தடவை இரண்டாம் பாகத்துக்கு முன்னால் ஐந்து மாதம் விட்டுவிட்டு, பெயர்களெல்லாம் மறந்து, திரும்ப முதலிலிருந்து வந்தேன்.

மூன்றும் சேர்ந்த பெட்டியாக ஆன்லைனில் வாங்கினேன். அதில் ஒரு கஷ்டமும் பட்டேன். மூன்றாம் பாகத்தில் 16 பக்கம் இரண்டு தடவை வைத்துத் தைத்திருந்தார்கள், அதற்கடுத்த 16 பக்கம் இல்லவே இல்லை. கதையின் நாயகன் ஃப்ரோடோவும் அவன் துணைவன் சாமும் எதிரி நாடான மார்டாரில் குடிக்கத் தண்ணீரில்லாமல் நடந்துகொண்டிருக்கும் இடம். வாங்கி மாதக்கணக்கில் ஆகிவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் கூட்டாளி தன் பிரதியிலிருந்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ராயக்கோட்டை தாண்டி சிக்னல் விட்டுவிட்டு வர, ஒவ்வொரு படமாக இறங்க இறங்கப் படித்தேன். பெட்டியாக வாங்கினால் வந்த அன்றைக்கே எல்லாப் பாகங்களின் பக்க எண்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

'வீல் ஆஃப் டைம்' தொடரை எல்லோருக்கும் சொல்லமாட்டேன். 1990இல் தொடங்கி 2013இல் முடிந்தது. ஜோர்டன் 2007இல் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்துக் கடைசி மூன்று பாகங்களை பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடித்தார். எட்டு, ஒன்பது, பத்து பாகங்களில் கதை நகரவில்லை. மெதுவாகப் போவது குறை இல்லை. கர்ண மோட்சத்தில் கர்ணனும் பொன்னுருவியும் வாதாடுவதே மணிக்கணக்கில் போகும், ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். வேஷம் கட்டியவர் அந்த வலிக்குள் இருப்பார். இங்கே அந்த மூன்று பாகங்களில் ஆட்கள் ஊர் மாறுகிறார்கள், உடையை வர்ணிக்கிறார்கள், உள்ளே ஒன்றும் மாறவில்லை. என்னுடைய மூன்று வருடத்தை இந்தத் தொடர் எடுத்துக்கொண்டது. அதில் ஒரு வருடத்தைத் திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

அதனால் இப்போது நான் எந்தத் தொடரையும் இரண்டாம் பாகத்தில்தான் எடை போடுகிறேன். முதல் பாகத்தில் உலகமே புதுசு, அந்தப் புதுமையே இழுத்துக்கொண்டு போய்விடும். மூன்றாம் பாகத்துக்கு முடிவின் வேகம் உண்டு. இரண்டாவதற்கு இரண்டும் இல்லை. 'ஃபார்ஸியர்' இரண்டாம் பாகத்தில் சந்தையில் கூண்டுக்குள் கிடக்கும் ஒரு ஓநாய்க்குட்டியைக் கதாநாயகன் ஃபிட்ஸ் பார்ப்பான். அது கடுப்போடு மனசுக்குள் அவனிடம் பேசும். அவன் வாங்கிக்கொண்டு போவான். பெரிய சண்டை எதுவும் இல்லாத அந்த இடத்தில்தான் நான் அந்தத் தொடருக்குள் முழுதாகப் போனேன். 'புரோக்கன் எர்த்' மூன்று பாகமும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து ஹியூகோ விருது (அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்கும் தருவது) வாங்கியவை. ஒருவர் தொடர்ந்து மூன்று வருடம் நாவலுக்கான ஹியூகோ வாங்கியது அதுதான் முதல் தடவை. பல அத்தியாயங்களை 'நீ' என்று படிப்பவரைப் பார்த்துச் சொல்வதுபோல எழுதியிருப்பார், பழக இரண்டு நாள் ஆகும். நிலம் பிளக்கும் கதை. ஜன்னலுக்கு வெளியே கருங்கல் குன்றுகள் போய்க்கொண்டிருக்கப் படித்தேன்.

முடியாத தொடரை எடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. மார்ட்டின் மூன்று பாகமாகத் திட்டமிட்டவர். முதல் பாகம் 1996, ஐந்தாவது 2011, ஆறாவது இன்னும் வரவில்லை. வாசகர்கள் கோபப்படுவதைப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் இல்லை, காரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தருமபுரிதான் பழைய தகடூர். சேரன் படையெடுத்து வந்து அதியமானோடு போரிட்டதைச் சொல்லும் 'தகடூர் யாத்திரை' என்று ஒரு நூல் இருந்தது. முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற பழைய தொகுப்பிலும் உரைகளிலும் சிதறிய பாடல்கள்தான் மிச்சம். அந்தக் கொஞ்சப் பாடல்களை இன்றைக்கும் தேடிப் படிக்கிறோம். மார்ட்டினின் மூன்றாம் பாகம் எனக்குக் கொடுத்ததை, ஆறாம் பாகம் வராததால் யாரும் பறித்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் தொடராக இதை எடுக்காதீர்கள். காத்திருக்கும் பழக்கம் வந்த பிறகு எடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 'எர்த்ஸீ' முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள், பெட்டி வேண்டாம். அது தனியாகவே முடியும் கதை. பிடித்தால் இரண்டாவது. நான்காம் பாகத்துக்கு அவசரப்படாதீர்கள், இரண்டு மூன்று வருடம் கழித்துப் படித்தாலும் நல்லது. எழுதியவரே பதினெட்டு வருடம் விட்டுத்தான் எழுதினார்.

என்னுடைய முதல் பாகம் இப்போது என்னிடம் இல்லை. "எந்த எக்ஸாமுக்கு?" என்று கேட்ட ஒரு தம்பியிடம் போன மாதம் கொடுத்தேன். ஓசூரில் டிப்ளமோ படிக்கிறவன், தினமும் கெலமங்கலத்தில் ஏறுவான். நேற்று ஏறியதும் ஏறாததுமாக, "அண்டர்லைன் பண்ணலாமாண்ணா?" என்று கேட்டான். பென்சிலில் பண்ணச் சொன்னேன்.